குழந்தைங்க ஒண்ணுக்குப் போறதுல பிரச்சனையா? எங்க ஏரியா அம்மாங்க என்கிட்ட கேக்கற கேள்விங்களும் பதில்களும்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. குழந்தைங்க சர்ஜரி வார்டுல 20 வருஷத்துக்கு மேல ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன், இப்ப ரிட்டயர் ஆகி தண்டையார்பேட்டைல வீட்டோட இருக்கேன். மெட்ரோ தண்ணி லாரி வந்து குடத்தோட நிக்கறப்ப, ரேஷன் கடை வரிசைல, மார்க்கெட் போறப்ப, "சிஸ்டர் ஒரு நிமிஷம்"னு யாராவது ஓரமா கூப்பிட்டு கேப்பாங்க. பிள்ளைங்க ஒண்ணுக்குப் போற இடம்ங்கறதால சத்தமா கேக்க கூச்சம். அந்த கூச்சத்துலயே மாசக்கணக்கா தள்ளிப் போட்டு, கிட்னி கெட்டுப்போன பிறகு வந்த பிள்ளைங்கள நான் நிறைய பாத்துட்டேன், அதான் கேட்ட கேள்வியெல்லாம் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். மருந்து பேரு, அளவு எதுவும் இதுல இருக்காது, அது உங்க பிள்ளைய நேர்ல பாத்து டாக்டர்தான் சொல்லணும்.

காய்ச்சல் விட்டு விட்டு வருது, சளி இருமல் எதுவும் இல்ல. வீட்டுல சூடு பிடிச்சிருக்குனு சொல்றாங்க. என்ன பண்றது?

யூரின் டெஸ்ட் எடுங்க. சூடுனு சொல்லி தொப்புள்ல விளக்கெண்ணெய் வைங்க, இளநீர் குடுங்க, அதுல தப்பில்ல, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. ரெண்டு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு காரணமே தெரியாம காய்ச்சல் அடிச்சா யூரின்ல இன்ஃபெக்‌ஷனானு பாத்தே ஆகணும். பெரிய பிள்ளைங்கன்னா "எரியுதும்மா"னு சொல்லிடும், கைக்குழந்தை எங்க சொல்லும்? காய்ச்சல், வாந்தி, பால் சரியா குடிக்காம சிணுங்கறது, எடை ஏறாம இருக்கறது, சில பச்சக் குழந்தைங்களுக்கு மஞ்சக்காமாலை விடாம இழுத்துக்கிட்டே போறது, இவ்வளவுதான் அடையாளம். பொறந்த முதல் சில மாசத்துல இது ஆம்பளப் பசங்களுக்கு அதிகமா வரும், அப்புறம் பொண்ணுங்களுக்கு அதிகம். பெரும்பாலும் காரணம் ஈ கோலைங்கற கிருமி, நம்ம குடல்லயே இருக்கறதுதான், கீழ இருந்து மேல ஏறிப் போயிடுது.

ஒரே ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கறேன். மெடிக்கல் ஷாப்ல போய் "காய்ச்சலுக்கு ஒரு ஆண்டிபயாட்டிக் சிரப் குடுங்க"னு வாங்கி ஊத்திடாதீங்க. ரெண்டு வேளை உள்ள போச்சுன்னா கல்ச்சர்ல, அதாவது யூரினை வெச்சு கிருமியை வளத்துப் பாக்கற டெஸ்டுல, கிருமி வளராது, ரிப்போர்ட் நல்லா இருக்குனு வரும், காய்ச்சலும் விட்டுடும், மூணு வாரம் கழிச்சு திரும்ப வரும், திரும்ப சிரப். இப்படி நாலு தடவை ஆகறதுக்குள்ள கிட்னில தழும்பு விழுந்துடும். முதல்ல யூரின் கல்ச்சர் குடுத்துடணும், அப்புறம்தான் மருந்து.

கைக்குழந்தைகிட்ட யூரின் எப்படி பிடிக்கறது? பை ஒட்டினா போதாதா?

ஒட்டற பைல தோல்ல இருக்கற அழுக்கும் மலமும் கலந்துடும், அதனால அதுல இன்ஃபெக்‌ஷன் இல்லனு வந்தா நம்பலாம், இருக்குனு வந்தா அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. நேரா பிடிக்கறதுதான் நல்லது, இல்லனா ஆஸ்பத்திரில சின்ன டியூப் விட்டு எடுப்பாங்க.

நான் சொல்லிக் குடுக்கற வழி இது. குழந்தைக்கு பால் குடுத்து ஒரு இருபது நிமிஷம் கழிச்சு, கீழ வெறும் தண்ணில நல்லா கழுவித் துடைச்சு, பொண்ணா இருந்தா முன்னாடியிருந்து பின்னாடி துடைச்சு, மடில உக்கார வைங்க. லேப்ல குடுத்த ஸ்டெரைல் பாட்டில் மூடியை முன்னாடியே திறந்துடாதீங்க. குளிர்ந்த தண்ணில நனைச்ச சுத்தமான பஞ்சை அடிவயித்துல வட்டமா தேச்சுக்கிட்டே இருங்க, நிறைய குழந்தைங்க அஞ்சு பத்து நிமிஷத்துல போயிடும். முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதை பிடிங்க, பாட்டில் விளிம்பு உடம்புல படக்கூடாது, உள்ள விரல் வைக்கக்கூடாது. மூடி போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல குடுத்துடணும். முடியலன்னா ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. எங்க பக்கத்துல ஒரு பொண்ணு காலைல அஞ்சு மணிக்கு பிடிச்சதை ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டு வெயில்ல பஸ் ஏறி பதினொரு மணிக்கு கொண்டு போய் குடுத்திருக்கு, அந்த சாம்பிள்ல எல்லா கிருமியும் வளந்து, என்னன்னே சொல்ல முடியல, திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ரெண்டு நாள் ஆகுமாமே, அதுவரைக்கும் குழந்தை காய்ச்சல்ல கிடக்கணுமா?

இல்ல. சாம்பிள் குடுத்த உடனே டாக்டர் மருந்து ஆரம்பிச்சுடுவாங்க, ரிப்போர்ட் வந்த பிறகு எந்த மருந்து கேக்குதுனு பாத்து மாத்துவாங்க. காய்ச்சல் மூணாவது நாள் விட்டுச்சுனு மருந்தை நிறுத்தாதீங்க, எத்தனை நாள் சொன்னாங்களோ அத்தனை நாள்.

ஒரு தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்ததுக்கு ஏன் இவ்வளவு ஸ்கேன்? காசு பிடுங்கறாங்களோனு இருக்கு.

இந்த சந்தேகம் எல்லாருக்கும் வரும், நியாயம்தான். பெரியவங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தா தண்ணி குடி, மாத்திரை போடுனு முடிஞ்சுடும். சின்னக் குழந்தைக்கு காய்ச்சலோட வந்தா உள்ள எங்கயோ பாதை அடைச்சிருக்கா, இல்ல யூரின் கிட்னிக்கே திரும்பிப் போகுதானு பாக்கணும். வளர்ற கிட்னில விழற தழும்பு மறையாது, வலிக்கவும் வலிக்காது. இருபது வயசுல பி.பி. வந்தோ, பொண்ணுங்களுக்கு பிள்ளத்தாச்சியா இருக்கறப்ப பி.பி. ஏறியோதான் தெரிய வரும்.

முதல்ல வயித்து அல்ட்ராசவுண்ட் மட்டும்தான், வலியோ ஊசியோ இல்ல. அதுல வித்தியாசம் தெரிஞ்சாலோ, இன்ஃபெக்‌ஷன் திரும்ப வந்தாலோதான் அடுத்த டெஸ்டுங்க. எல்லா குழந்தைக்கும் எல்லாம் எடுக்க மாட்டாங்க. ஏன் எடுக்கறீங்க, இதுல என்ன தெரியும்னு தாராளமா கேளுங்க, கேட்டா சொல்லணும்.

என் பையன் சொட்டு சொட்டாத்தான் போறான். ஆயா "அவங்க அப்பனும் சின்னதுல அப்படித்தான், வளந்தா சரியாயிடும்"னு சொல்றாங்க. நிஜமா?

இதைக் கொஞ்சம் நீளமா எழுதறேன், இதுக்காகத்தான் முக்கியமா எழுதவே உக்காந்தேன்.

ஆம்பளக் குழந்தை ஒண்ணுக்குப் போனா வளைஞ்சு தூரமா போய் விழணும். டயப்பர் கட்டறதால இப்ப யாரும் அதைப் பாக்கறதே இல்ல. வாரத்துல ஒரு நாளாவது டயப்பர் இல்லாம விட்டு எப்படி போறான்னு பாருங்க. முக்கி முக்கி போறானா, நூல் மாதிரி வருதா, விட்டு விட்டு வருதா, போய் முடிச்ச பிறகும் அடிவயிறு உருண்டையா கெட்டியா இருக்கா, எப்ப தொட்டாலும் ஜட்டி ஈரமா இருக்கா. இதுல எது இருந்தாலும் வளந்தா சரியாயிடும்னு விடாதீங்க.

ஆம்பளப் பசங்களுக்கு மட்டும் வர்ற ஒரு பிறவிக் குறை இருக்கு, போஸ்டீரியர் யூரித்ரல் வால்வுனு பேரு, வார்டுல நாங்க பி.யு.வி.னு சொல்லுவோம். மூத்திரப்பைக்கு கீழ யூரின் வெளிய வர்ற குழாய்ல மெல்லிசா ஒரு ஜவ்வு குறுக்க இருக்கும், தாயோட வயித்துலயே உண்டாயிடும். யூரின் வெளிய போக முடியாம மூத்திரப்பை முட்டி முட்டி தடிச்சுப் போகும், அந்த அழுத்தம் மேல ஏறி ரெண்டு கிட்னியும் வீங்கும். ரெண்டு பக்கமும் பாதிக்கறதாலதான் இது இவ்வளவு ஆபத்து.

காசிமேடு பக்கத்துலருந்து ஒரு பையன் வந்தான், நாலு வயசு. அவங்க அம்மா ஒரு பை நிறைய டவுசர் கொண்டு வந்திருந்தாங்க, ஒரு நாளைக்கு ஆறு ஏழு மாத்தணுமாம். திமிருல நின்ன இடத்துலயே போறான்னு நெனச்சு அடிச்சிருக்காங்க, அதைச் சொல்லி சொல்லி அழுதாங்க. அவன் பாத்ரூம்ல நின்னதை நான் பாத்தேன். செவுத்துல ஒரு கையை ஊணிக்கிட்டு, இன்னொரு கையால அடிவயித்தை அமுக்கிக்கிட்டு, பல்லைக் கடிச்சு முக்கறான், காலோட ஒட்டி நாலு சொட்டு வருது. அவனுக்கு அதுதான் ஒண்ணுக்குப் போறது, வேற மாதிரி போகலாம்னே அவனுக்குத் தெரியாது. பிளட் டெஸ்ட்ல கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, ஏறி இருந்தது.

முதல்ல டியூப் போட்டு மூத்திரப்பையை காலி பண்ணி, ரத்தத்துல உப்புச் சத்தெல்லாம் சரி பண்ணி, அப்புறம் மயக்கம் குடுத்து, ஒண்ணுக்குப் போற துவாரம் வழியாவே மெல்லிசான கேமரா விட்டு அந்த ஜவ்வை வெட்டி விடுவாங்க. வெளிய தையல், காயம் எதுவும் கிடையாது. ரொம்ப சின்னதா, எடை கம்மியா பொறந்த குழந்தைக்கு அந்த கருவி உள்ள போகாதுன்னா, அடிவயித்துல சின்னதா துவாரம் வெச்சு யூரினை அங்க வெளிய விட்டு, வளந்த பிறகு ஜவ்வை எடுப்பாங்க. டியூப் எடுத்த அன்னைக்கு அந்தப் பையன் முதல் தடவையா தாரையா போனான், போய்ட்டு நிமிந்து எங்க மூஞ்சைப் பாத்தான், அந்தப் பார்வை இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

ஆனா ஜவ்வை எடுத்ததோட கதை முடியாது. பல மாசம் முட்டி முட்டி தடிச்சுப்போன மூத்திரப்பை உடனே பழைய நிலைக்கு வராது, சில பசங்களுக்கு வரவே வராது. கிட்னி எவ்வளவு கெட்டுச்சோ அது கெட்டதுதான். மூணு மாசத்துல திரும்ப பாப்பாங்க, அப்புறம் வருஷா வருஷம் ரத்தம், பி.பி., ஸ்கேன், வயசுக்கு வர்ற வரைக்கும், அதுக்கு அப்புறமும். ஒரு பகுதி பசங்களுக்கு பின்னாடி டயாலிசிஸ், கிட்னி மாத்தறது வரைக்கும் போறதை நான் மறைக்க விரும்பல. சீக்கிரம் கண்டுபிடிக்கற ஒவ்வொரு மாசமும் இதுல லாபம்.

அஞ்சாவது மாச ஸ்கேன்ல குழந்தைக்கு கிட்னில தண்ணி இருக்குனு எழுதியிருக்காங்க. ராத்திரி தூக்கமே இல்ல.

தூங்குங்கம்மா. நூறு பேர்ல ஒருத்தர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் இப்படி வரும், பெரும்பாலும் பொறக்கறதுக்குள்ளயோ பொறந்து கொஞ்ச மாசத்துலயோ தானா சரியாயிடும். ஒரு பக்கம் மட்டும், கொஞ்சமா வீக்கம்னா பயமே வேணாம். ரெண்டு பக்கமும் வீக்கம், ஆம்பளக் குழந்தை, பனிக்குடத் தண்ணி கம்மி, இந்த மூணும் சேந்து வந்தாதான் அவசரம், அப்ப குழந்தை சர்ஜரி டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரில பிரசவம் பாக்கற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கங்க. இதெல்லாம் ஸ்கேன் எடுத்த டாக்டரே சொல்லுவாங்க, குழந்தை ஆணா பொண்ணானு நீங்க போய் கேக்காதீங்க, சொல்றது சட்டப்படி குத்தம்.

பொறந்த பிறகு எடுக்கற ஸ்கேன்ல ஒரு விஷயம் இருக்கு. முதல் ரெண்டு நாள் குழந்தைக்கு யூரினே கம்மியா ஊறும், அப்ப எடுத்தா வீக்கம் இல்லாத மாதிரி தெரியும். அதனால சாதாரண கேஸ்ல மூணாவது நாளுக்கு மேல, ஒரு வாரத்துக்குள்ள எடுப்பாங்க. பொறந்த அன்னைக்கு எடுத்து நார்மல்னு சொன்னாங்கனு விட்டுடாதீங்க, இன்னொண்ணு எடுங்க. டிஸ்சார்ஜ் ஆகறப்ப அந்த பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை குழந்தை டாக்டர்கிட்ட காட்டணும்ங்கறதை மறந்துடறாங்க, பிரசவ வலியும் சந்தோஷமும் எல்லாத்தையும் மறக்கடிச்சுடும், அதனால கூட வர்ற பாட்டிகிட்டயோ வீட்டுக்காரர்கிட்டயோ இப்பவே சொல்லி வைங்க.

எம்.சி.யு. டெஸ்ட் ரொம்ப கொடுமைனு பக்கத்து வீட்டுல பயமுறுத்தறாங்க.

கஷ்டம்தான், கொடுமை இல்ல. யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இல்லனு பாத்துட்டுதான் எடுப்பாங்க. மரத்துப்போற ஜெல் தடவி சின்ன டியூப் விட்டு, மூத்திரப்பைக்குள்ள எக்ஸ்ரேல தெரியற மருந்தை சொட்டு சொட்டா ஏத்தி, குழந்தை ஒண்ணுக்குப் போறப்ப படம் எடுப்பாங்க. அந்த ஒரு நேரத்துல எடுத்த படத்துலதான் யூரின் மேல ஏறுதா, கீழ ஜவ்வு இருக்கானு தெரியும், வேற டெஸ்டுல இவ்வளவு தெளிவா தெரியாது.

குழந்தை அழறது பாதி பயத்துலதான். கொஞ்சம் பெரிய குழந்தைன்னா "ஊசி இல்ல, ஒரு குட்டி டியூப், உச்சா வந்தா மேசை மேலயே போகலாம், யாரும் திட்ட மாட்டாங்க"னு முதல் நாளே சொல்லி வைங்க. இடம் மாறி மேசை மேல படுத்துக்கிட்டு போறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு அடக்கிக்கும், அதுலதான் நேரம் ஆகும். அம்மா கூட நிக்கலாம், ஈய ஏப்ரன் போட்டுக்கச் சொல்லுவாங்க, மாசமா இருந்தா மட்டும் வெளிய நின்னுடணும். அன்னைக்கு முழுக்க எரிச்சல் இருக்கும், தண்ணி நிறைய குடுங்க. காய்ச்சல் வந்தா உடனே போங்க.

டி.எம்.எஸ்.ஏ., டி.டி.பி.ஏ. ஸ்கேன் ரெண்டும் ஒண்ணா?

இல்ல. டி.எம்.எஸ்.ஏ. கிட்னில தழும்பு இருக்கானு பாக்க, இன்ஃபெக்‌ஷன் முடிஞ்சு நாலுல இருந்து ஆறு மாசம் கழிச்சு எடுப்பாங்க, ஊசி போட்டு ரெண்டு மூணு மணி நேரம் காத்திருக்கணும், சாப்பாடு விளையாட்டு சாமான் எடுத்துட்டுப் போங்க. டி.டி.பி.ஏ., இ.சி. ரெண்டும் யூரின் கிட்னிலருந்து எவ்வளவு வேகமா இறங்குதுனு பாக்க. ரெண்டு வகைலயும் எந்த கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுனு நம்பர் வரும், ரெண்டும் சேர்த்து 100. இடது 48 வலது 52னு இருந்தா நல்ல கணக்கு. கதிர்வீச்சு கொஞ்சம்தான், அன்னைக்கு தண்ணி நிறைய குடிச்சு அடிக்கடி ஒண்ணுக்குப் போனா வெளிய போயிடும்.

ரிஃப்ளக்ஸ்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

பெரும்பாலும் வேணாம். மூத்திரப்பைல இருக்கற யூரின் திரும்ப கிட்னி பக்கம் ஏறுறதுதான் ரிஃப்ளக்ஸ், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கிரேடு போடுவாங்க. ஒண்ணு ரெண்டு கிரேடு குழந்தை வளர வளர பெரும்பாலும் தானா போயிடும், மூணுகூட நிறைய பேருக்குப் போயிடுது. அதுவரைக்கும் ராத்திரில கொஞ்சமா ஒரு மருந்து குடுக்கச் சொல்லுவாங்க, மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்கா. இதுல அம்மாங்களுக்கு சலிப்பு வந்துடும். அமெரிக்கால ரிவர்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 2014-ல வெளிய வந்தது, அதுல இந்த மருந்து குடுத்த குழந்தைங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் திரும்ப வர்றது பாதியா குறைஞ்சது, ஆனா தழும்பு விழறதுல பெரிய வித்தியாசம் தெரியல. அதனால எல்லாருக்கும் குடுக்கணுமாங்கறதுல டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு அபிப்பிராயம் உண்டு, உங்க டாக்டர் வேணாம்னா அலட்சியம்னு நினைக்காதீங்க, வேணும்னா ஒழுங்கா குடுங்க.

நாலு அஞ்சு கிரேடு, மருந்து குடுத்தும் காய்ச்சல் வருது, புதுசா தழும்பு விழுதுன்னா அப்ப ஆபரேஷன் பேச்சு வரும். ஒண்ணு, கேமரா விட்டு, கிட்னிலருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய் வாய்ல ஜெல் மாதிரி ஊசி போட்டு அந்த இடத்தை உப்ப வைக்கறது, அன்னைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துடலாம், ஆனா சில சமயம் திரும்ப போட வேண்டி வரும். இன்னொண்ணு, குழாயை மூத்திரப்பை செவுத்துக்குள்ள வேற பாதைல பதிக்கறது, ரீஇம்ப்ளான்டேஷன்னு பேரு. இது பெரிய ஆபரேஷன்தான், ஆனா நல்லா நிக்கும். கூடப் பொறந்த குழந்தைங்கள்ல நாலுல ஒருத்தர் கிட்ட ரிஃப்ளக்ஸ் இருக்கும், அதனால தம்பி தங்கச்சிக்கு காய்ச்சல் வந்தா உஷாரா இருங்க.

கிட்னி வாய் அடைச்சிருக்கு, பைலோபிளாஸ்டினு சொல்றாங்க. கிட்னியை எடுத்துடுவாங்களா?

எடுக்க மாட்டாங்க, காப்பாத்தத்தான் பண்றாங்க. கிட்னிலருந்து குழாய் கிளம்பற இடம் சுருங்கி இருக்கும், பி.யு.ஜே. அடைப்புனு சொல்லுவாங்க. எல்லா அடைப்புக்கும் ஆபரேஷன் கிடையாது, பாதிக்கு மேல பாத்துக்கிட்டே இருந்தா போதும். அந்தப் பக்கத்து கிட்னி நம்பர் 40-க்கு கீழ இருந்தாலோ, அடுத்தடுத்த ஸ்கேன்ல இறங்கிக்கிட்டே வந்தாலோ, வீக்கம் கூடினாலோ, வலி இன்ஃபெக்‌ஷன் வந்தாலோ பண்ணுவாங்க. சுருங்கின துண்டை வெட்டி எடுத்துட்டு நல்ல இடத்தை நல்ல இடத்தோட அகலமா தைப்பாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில ஆண்டர்சன் ஹைன்ஸ்னு எழுதியிருக்கும், நோய் பேருனு நெனச்சு பயந்தவங்க உண்டு, அது 1949-ல இந்த முறையை எழுதின ரெண்டு டாக்டருங்க பேரு. பத்துல ஒன்பது பேருக்கு மேல ஒரே தடவைல சரியாயிடும்.

தையல் ஆறுற வரைக்கும் உள்ள ஒரு மெல்லிசான குழாய் வெச்சு அனுப்புவாங்க, ரெண்டு நுனியும் பன்னி வால் மாதிரி சுருண்டிருக்கும், டி.ஜே. ஸ்டென்ட். நாலுல இருந்து ஆறு வாரத்துல அதை எடுத்தே ஆகணும். அது வெளிய தெரியாது, குழந்தைக்கும் நல்லா இருக்கும், அதான் வம்பு. ஒரு அம்மா ஆபரேஷன் முடிஞ்சு சொந்த ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் கழிச்சு வந்தாங்க, பொண்ணு சிவப்பா ஒண்ணுக்குப் போகுதுனு. எக்ஸ்ரேல பாத்தா ஸ்டென்ட் மேல கல்லு படிஞ்சு சுண்ணாம்பு தடவின கயிறு மாதிரி இருந்தது, கல்லை உடைச்சு எடுக்க இன்னும் ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. யாரும் வேணும்னு பண்ணல, "உள்ள ஒண்ணு இருக்கு"னு அவங்களுக்கு புரியற மாதிரி சொல்லப்படல. அன்னைலருந்து நான் ஸ்டென்ட் வெச்ச ஒவ்வொரு குழந்தையோட அம்மாவையும் காலண்டர்ல அந்த தேதியை வட்டம் போடச் சொல்லி, ஃபோன்ல அலாரம் வெச்ச பிறகுதான் வார்டை விட்டு அனுப்புவேன்.

பையனுக்கு துவாரம் நுனில இல்லாம கீழ இருக்கு. சுன்னத் பண்ணிடலாமா?

பண்ணாதீங்க, தயவு செஞ்சு. இதுக்கு ஹைப்போஸ்பேடியாஸ்னு பேரு, சுமார் 300 ஆம்பளக் குழந்தைல ஒண்ணுக்கு இருக்கும். புதுசா பாதை செய்யறதுக்கு அந்த முன்தோல்தான் டாக்டருக்கு துணி மாதிரி, அதை வெட்டிட்டா அப்புறம் வாய்க்குள்ளருந்து தோல் எடுக்க வேண்டி வரும். எங்க பக்கத்துல ராயபுரம், புளியந்தோப்புல நிறைய முஸ்லிம் குடும்பங்க இருக்காங்க, கேட்டா சொல்லுவேன், ஆபரேஷன்லயே அந்தத் தோலும் போயிடும், தனியா சுன்னத் தேவைப்படாது, பெரியவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் இதைப் பேசிட்டு பொறுமையா இருங்க. ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள பண்றது நல்லது, அவனுக்கு ஞாபகமே இருக்காது. முடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள் சின்ன டியூப் இருக்கும், ரெண்டு டயப்பர் போடணும், உள் டயப்பர்ல ஓட்டை போட்டு டியூபை வெளி டயப்பருக்குள்ள விட்டுட்டா மலம் படாது. சிலருக்கு தையல் நடுவுல சின்ன ஓட்டை விழுந்து ரெண்டு பக்கம் யூரின் வரும், ஆறு மாசம் விட்டு திரும்ப தைப்பாங்க, அது யாரோட தப்பும் இல்ல.

முன்தோல் பின்னால போகல. எண்ணெய் போட்டு தள்ளச் சொல்றாங்களே?

தள்ளாதீங்க. சின்னப் பசங்களுக்கு ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், வளர வளர தானா பிரியும். பலவந்தமா தள்ளினா கிழிஞ்சு தழும்பாகி அப்பதான் நிஜமாவே இறுகிப்போகும். பின்னால போய் திரும்பி வராம மாட்டிக்கிட்டு வீங்கினா உடனே ஆஸ்பத்திரி. போறப்ப பலூன் மாதிரி உப்பி, கூடவே இன்ஃபெக்‌ஷனும் வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, நிறைய பேருக்கு சில வாரம் ஒரு கிரீம் தடவினாலே போதும்.

விதை ஒரு பக்கம் இறங்கல.

ஆறு மாசம் வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல தானா இறங்கறது அபூர்வம், ஒன்றரை வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க.

பொண்ணு ஸ்கூல்ல ஒண்ணுக்கே போகாம வீட்டுக்கு வந்துதான் போறா. அடிக்கடி நீர்க்கடுப்பு.

இதுக்கு ஆபரேஷன் இல்ல, ஆனா ஆபரேஷன் கேஸுக்கு சமமா கவனிக்கணும். பாத்ரூம்ல தண்ணி இல்ல, தாழ்ப்பாள் இல்ல, அதனால பிள்ளை காலைலருந்து தண்ணியே குடிக்காம, எட்டு மணி நேரம் அடக்கிக்கிட்டு, வெயில்ல நடந்து வருது. அடக்கி அடக்கி மூத்திரப்பைக்கு ஒழுங்கா காலியாகற பழக்கமே விட்டுப்போகும், மிச்சம் நிக்கற யூரின்ல கிருமி வளரும். காலையும் மதியமும் மணி பாத்து போகச் சொல்லுங்க, டீச்சர்கிட்ட நேரா போய் பேசுங்க, நாலு அம்மாங்க சேந்து போனா இன்னும் நல்லது. அஞ்சு வயசுப் பிள்ளையோட மூத்திரப்பை சுமார் 180 மில்லி, ஒரு டம்ளர் அளவுதான், அதுல எட்டு மணி நேர யூரினை எப்படி வெச்சுக்கும்?

கூடவே மலச்சிக்கல் இருக்கானு கேளுங்க. மலம் கெட்டியா தேங்கினா முன்னாடி இருக்கற மூத்திரப்பையை அழுத்தும். மலச்சிக்கலை சரி பண்ணதுமே யூரின் இன்ஃபெக்‌ஷன் நின்னுபோன குழந்தைங்க ஏராளம். கீரை, வாழைப்பழம், கொய்யா, தண்ணி, தினமும் சாப்பிட்டதும் அஞ்சு நிமிஷம் உக்காரற பழக்கம், தேவைப்பட்டா டாக்டர் குடுக்கற மருந்து.

ஆறு வயசு, இன்னும் படுக்கைல போறான்.

ராத்திரி மட்டும்னா திட்டாதீங்க, அஞ்சு வயசுல நூத்துல பதினஞ்சு பிள்ளைங்க போகும், வருஷா வருஷம் கொறஞ்சுடும். பகல்லயும் சொட்டுச்சுன்னாலோ, ஆறு மாசம் நின்னு திரும்ப ஆரம்பிச்சாலோ, தண்ணிக்காகப் பறந்தாலோ காட்டணும். பொண்ணு ஒழுங்கா பாத்ரூம் போயும் இருபத்தி நாலு மணி நேரமும் ஈரமாவே இருந்தா, கிட்னிலருந்து வர்ற குழாய் மூத்திரப்பைல திறக்காம வேற இடத்துல திறந்திருக்கலாம், அது ஆபரேஷன்ல சரியாகற விஷயம். முதுகுத்தண்டு கீழ முடி, குழி, கட்டி ஏதாவது இருக்கானும் பாத்துக்கங்க, நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்கலாம்.

மயக்க மருந்து குடுத்தா குழந்தை எழுந்துக்குமா?

எழுந்துக்கும். நீங்க செய்ய வேண்டியது வெறும் வயித்து கணக்கை சரியா காப்பாத்தறது. சாப்பாடு, பசும்பால், பவுடர் பால் ஆறு மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், தாய்ப்பால் நாலு மணி நேரம், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம். உங்க ஆஸ்பத்திரில வேற மாதிரி சொன்னா அதைக் கேளுங்க. பசிக்குதுனு அழறானேனு ஆயா ரகசியமா ஒரு பிஸ்கட் குடுத்துட்டா, தயவு செஞ்சு எங்ககிட்ட சொல்லிடுங்க, ஆபரேஷன் தள்ளிப்போகும் அவ்வளவுதான், சொல்லாம விட்டா மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிடும். சளி, இருமல், காய்ச்சல் இருந்தாலும் மறைக்காதீங்க.

எங்க போறது, எவ்வளவு செலவாகும்?

கவர்மென்ட்ல பாத்தா நம்ம பக்கத்துலயே ஸ்டான்லி இருக்கு, குழந்தைங்க சர்ஜரி தனி டிபார்ட்மென்ட். இல்லனா எழும்பூர் ஹால்ஸ் ரோட்டுல குழந்தைகள் ஆஸ்பத்திரி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருந்து மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறினா எழும்பூர். ஓ.பி. காலைலதான், சீக்கிரம் போங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, அந்தத் திட்டத்துல சேந்த பிரைவேட் ஆஸ்பத்திரிலயும் செல்லும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல கார்டு போட்டுக்கலாம். ஆபரேஷன் தேதி குடுத்த பிறகு ஓடாதீங்க, இப்பவே போட்டு வைங்க.

எப்ப ராத்திரின்னும் பாக்காம ஓடணும்?

மூணு மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைக்கு காய்ச்சல். பொறந்து 24 மணி நேரம் ஆகியும் ஒண்ணுக்குப் போகல. பெரிய குழந்தை வயிறு உப்பி 12 மணி நேரமா போகல. யூரின் ரத்தமா வருது. விதைல திடீர்னு வலி, வீக்கம், கூட வாந்தி, இதுல விதை முறுக்கிக்கிட்டிருக்கலாம், 6 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணா காப்பாத்தலாம், விடியட்டும்னு காத்திருந்தா போயிடும், பையன் வெக்கப்பட்டு வயித்து வலின்னு சொல்லுவான், கீழயும் பாருங்க. வயித்துல கட்டி மாதிரி தட்டுப்பட்டா அதை திரும்பத் திரும்ப அமுக்கிப் பாக்காம மறுநாளே காட்டுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வருஷம் ஆச்சு, நல்லாதான் இருக்கான். இன்னும் ஏன் வரச் சொல்றாங்க? பழைய ரிப்போர்ட்டெல்லாம் வேணுமா?

அவன் நல்லா இருக்கறது வெளில தெரியுது, கிட்னி வளருதானு ஸ்கேன்லதான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவ பி.பி., யூரின்ல புரோட்டீன், ஸ்கேன், அரை நாள் வேலை. ஒரு கிட்னியோட இருக்கற பிள்ளைக்கும் இதே கணக்குதான், ஓடலாம், ஆடலாம், கல்யாணம் பண்ணிக்கலாம், ஆனா செக்கப் விடக்கூடாது. உடம்பு வலிக்கு கண்ட மாத்திரையும் கேக்காம வாங்கிப் போடக்கூடாது.

ரிப்போர்ட் எல்லாமே வேணும். முதல் ஸ்கேன்ல கிட்னி எத்தனை சென்டிமீட்டர் இருந்ததுனு தெரிஞ்சாதான் இப்ப வளந்திருக்கானு சொல்ல முடியும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, ஒரு அம்மா பையனோட அஞ்சு வருஷ ஃபைலை ஈரத்தோட கொண்டு வந்து என் வீட்டு திண்ணைல ஒவ்வொரு தாளா பிரிச்சு காய வெச்சோம், பாதி எழுத்து போயிடுச்சு. அல்ட்ராசவுண்ட் படம் வர்ற பளபளப்பான தாள் வெயில் சூட்டுலயே வெளுத்துடும், லேமினேட் பண்ணாலும் கறுத்துடும். அதனால வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்துல வெச்சு ஃபோன்ல போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க, ஜெராக்ஸ் ஒரு காப்பி, ஒரிஜினலை ஜிப் கவர்ல போட்டு கட்டிலுக்கு அடில இல்லாம பரண் மேல.